கூல்வெனைத் தபாலில் அனுப்பியவன்

இரவு ஒன்பதே கால். நவம்பர் மாதம். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது.

லம்போல் படகுத்துறையிலிருந்து மேற்கே கலங்கரை விளக்கம் வரை போகிற பாதை. இரண்டு பக்கமும் ஒரு மரம் கிடையாது. மரமென்ன, இடுப்பு உயரச் செடிகூடக் கிடையாது. காற்று எதையும் நிமிர விடாது. பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள வெஸ்ஸான் தீவில் தைரியமாக நிமிர்ந்து நிற்கிற ஒரே பொருள் அந்தக் கலங்கரை விளக்கம்தான். அதன் வெளிச்சம் சற்றைக்கொரு தரம் வந்து புல்லைத் தடவிவிட்டுப் போகும். போனதும்... மை இருட்டு.

அந்தப் பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தான் ஆர்மோன் தெ வால்ப்ரே.

காஸ்தோன், மேசைக் காலை உதைக்காதே. கதை சொல்லும்போது தாளம் போடுகிறவனை எனக்குப் பிடிக்காது. என்ன, மேசை ஈரமாக இருக்கிறதா? இருக்கட்டும். துடைக்க வேண்டாம். விளக்கை மட்டும் கொஞ்சம் இறக்கு.

சரி. ஆர்மோனை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் இந்தப் பத்திரிகைக்குக் கோடைக்குப் பிறகு வந்தவர்கள். அவன் எட்டு வருஷம் நம் மூன்றாம் பக்கத்தில் வாராவாரம் பேய்க் கதை எழுதியவன். பெயருக்கு நடுவில் அந்தப் பிரபுத்தனமான ‘தெ’ அவன் அப்பா வைத்ததல்ல. அப்பா துலூஸில் குடை பழுது பார்க்கிறவர். பையன் பாரிஸ் ரயிலில் ஏறும்போது பெட்டியோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். விரலில் ஒரு மோதிரம், அதில் ஒரு குலச் சின்னம். அதுவும் கடையில் வாங்கியது.

பேய்க் கதை எழுதுகிறவன் பேயை நம்புகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸில் பேயை நம்புகிறவன் எழுதுவதில்லை. எழுதுகிறவன் நம்புவதில்லை. அதனால்தான் நம் ஆட்கள் எல்லோரிடமும் ஒரு கோழைப் பழக்கம் உண்டு. ஆர்மோன் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தான்: இரண்டாவது கதவு. கதை முழுக்கப் பிணம் நடக்கும், சுவர் பேசும், கல்யாணப் பெண்ணுக்கு நிழல் இருக்காது. கடைசிப் பத்தியில் கதாநாயகன் கண் விழிப்பான். காய்ச்சல். அபின். அளவுக்கு மீறிய ஒயின். எல்லாம் கனவு. வாசகர் மீசையை நீவிக்கொண்டு, ‘நான் எங்கே பயந்தேன்?’ என்று அந்தக் கதவு வழியாக வெளியே போய்விடலாம். எழுதியவனும் பின்னாலேயே போய்விடுவான். மறுநாள் காபிக் கடையில் யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது அல்லவா?

எட்டு வருஷம்... நானூறு கண் விழிப்புகள்.

ஆசிரியர் லெகாம் ஒருநாள் அவனை எதிரே நிற்க வைத்துச் சொன்னார்: “இதோ பாருய்யா. இன்னொரு தடவை கடைசியில கண்ணு முழிச்சேன்னா, உன் பக்கத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். படிக்கிறவன் காறித் துப்பறான்.”

அதனால்தான் அவன் தீவுக்குப் போனான். “அங்க எல்லாம் மூட ஜனங்கய்யா. கதை தெருவுலேயே கிடக்கும். குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு வந்துடறேன்” என்று என்னிடமே சொன்னான்.

அங்கே அவன் தங்கிய வீடு சோவாஸ் என்பவளுடையது. அவள் கணவன் கூல்வென், தூரக் கடல் போகும் கப்பலில் மாலுமி. சோவாஸ் நம் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த எர்வேயின் அத்தை. தீவில் நடந்ததை எனக்குச் சொன்னவன் எர்வே. பாரிஸில் நடந்ததற்கு... நானே சாட்சி.

பாதைக்கு வருவோம்.

ஆர்மோனுக்கு முன்னால், ஐம்பது அடி தள்ளி, ஒரு கிழவர் போய்க்கொண்டிருந்தார். கையில் விளக்கு இல்லை. மரச் செருப்பு கல்லில் படும் சத்தம் மட்டும். டொக்... டொக்... அவர் நேரே சோவாஸ் வீட்டை நோக்கிப் போனார். கதவுக்குப் போகவில்லை. சன்னலுக்குப் போனார். விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

“சோவாஸ். இன்னிக்கு ராத்திரி உன் வீட்டுல புரொயெல்லா, தாயீ.”

உள்ளே அலறல் இல்லை. ஒரு சட்டி மூடியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

தீவுக்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போனவன் போய்விட்டான். உடலும் கிடைக்காது. கிழவர் தூசேன் கூல்வெனின் ஞானத்தகப்பன். சேதியைச் சொல்வது அவர் கடமை. உடலைச் செய்வதும் அவர் கடமைதான்.

ஆமாம். செய்வது. உடல் இல்லாதவனுக்கு அங்கே மெழுகில் ஒரு சிலுவை செய்வார்கள். விரல் நீளம்தான். செய்யும்போது இறந்தவன் பெயரைச் சொல்லிச் சொல்லி உருட்டுவார்கள். விடிய விடிய அதன் பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொல்வார்கள். காலையில் பங்குச்சாமி முன்னே நடக்க, கோயிலுக்குத் தூக்கிப் போய்ப் பீடத்தருகே ஒரு பெட்டியில் வைப்பார்கள். பிறகு ஒருநாள் அது கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அதுதான் புரொயெல்லா, உடல் இல்லாதவனுக்கு அடக்கம். அது நடந்தால் போனவன் படுத்துக்கொள்வான். நடக்காவிட்டால்... அலைவான்.

தெருவில் கதை கிடந்தது. ஆர்மோன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

உடைந்த கப்பலின் பலகையால் செய்த மேசை, நீல வண்ணம் பூசியது. அதன்மேல் சோவாஸின் வெள்ளைத் தலைத்துணி, நாலாக மடித்து. துணிமேல் அந்தச் சின்னச் சிலுவை. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. ஒரு கிண்ணத்தில் தீர்த்தம். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள், கறுப்புச் சால்வையில். புல்கட்டி எரிகிற புகை நாற்றம், ஈரக் கம்பளி நாற்றம், உருகிய தேன்மெழுகின் வாசம்.

ஆர்மோன் குனிந்து பார்த்தான்.

“இதுல ஆள் எங்கேம்மா?”

பக்கத்து வீட்டுப் பார்பா செபமாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முகத்துல ரெண்டு எதுக்கு வெச்சிருக்கீங்க முசியே? அதோ படுத்திருக்கான்.”

“இந்த மெழுகா?”

“இவரான்னு கேளுங்க.”

“மன்னிக்கணும். நான் கூல்வெனைப் பார்த்ததில்லை. உயரமோ?”

“உங்களைவிட” என்றாள் பார்பா. “இப்பவும்.”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பரணுக்கு ஏறிப் போய் எழுத உட்கார்ந்தான். பெயர்களைக்கூட மாற்றவில்லை. கதையிலும் கூல்வென். கதையிலும் சோவாஸ். மூழ்கியவன் திரும்பி வந்து சன்னலைத் தட்டுகிறான். மூன்று தட்டு. நன்றாகவே எழுதினான், அதை மறுக்க மாட்டேன். எதிரே இருந்ததைப் பார்த்து எழுதினால் யாருக்கும் நன்றாகத்தான் வரும். நாலு மணிக்கு முடித்தான். கடைசிப் பத்தியில்...

‘கண் விழித்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது.’

லெகாம் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் கை எழுதிவிட்டது. கோழையின் கைக்கு எட்டு வருஷப் பழக்கம்.

ஆறு மணிக்குத் தபால் படகு. காகிதங்களை உறையில் போட்டான். முத்திரை வைக்க அரக்கைத் தேடினான். தீர்ந்துபோயிருந்தது.

கீழே இறங்கி வந்தான். மிக மெதுவாக, மிக மரியாதையாகப் பேசினான். “ராத்திரி பூரா உட்கார்ந்திருக்கீங்க. எல்லாரும் அந்தக் கோடி அறைக்குப் போய் ஒரு வாய் காபி குடிச்சுட்டு வாங்க. நான் இவர்கூட இருக்கேன்.”

இவர் என்றான். சோவாஸுக்கு அதுவரை வராத கண்ணீர் அப்போதுதான் வந்ததாம்.

“தனியா விடக் கூடாதுங்க முசியே. கண்ணை எடுக்காம பார்த்துக்குங்க.”

“எடுக்கவே மாட்டேன்.”

பெண்கள் போனார்கள். ஆர்மோன் சிலுவையை எடுத்தான். கூல்வெனுக்காக எரிந்த வர்த்தியிலேயே அதை உருக்கினான். உறையின் வாய்மேல் சொட்டினான். குலச் சின்ன மோதிரத்தை வைத்து அழுத்தினான். பிறகு வர்த்தியடியில் வழிந்து கிடந்த மெழுகைச் சுரண்டி, உருட்டி, இன்னொரு சிலுவை செய்து துணிமேல் வைத்தான். பத்தே நிமிஷம். மெழுகு மெழுகுதானே?

பெண்கள் திரும்பி வந்தபோது கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், படுபாவி.

சோவாஸ் அவனுக்கும் ஒரு கோப்பை காபி கொண்டுவந்திருந்தாள்.

காலையில் ஊர்வலம். தூசேன் கிழவர் தலைத்துணியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். கோயில் வாசலில் நின்றுவிட்டார்.

“என்ன தூசேன்?” என்றார் பங்குச்சாமி.

“சாமி... கனமே இல்லியே.”

“விரல் நீள மெழுகுக்கு என்னய்யா கனம்? நடங்க.”

பின்னால் வந்த ஆர்மோன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டான். ஊரார் துக்கம் என்று நினைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலை சோவாஸ் கதவைத் திறந்தாள். சன்னலுக்குக் கீழே வெறுங்காலின் ஈரத் தடம். பெரிய கால். தடம் வீட்டை நோக்கி வரவில்லை. சன்னலிலிருந்து கிளம்பிப் போயிருந்தது. பாதை வழியாக, லம்போல் துறை வரை... தபால் படகு கட்டுகிற கல் வரை.

அதற்கு அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும்.

*

காஸ்தோன், சொன்னேனே!

“நான் தட்டலைங்க.”

அப்போது உன் கால் தட்டுகிறது. அதை அடக்கு.

ஆர்மோன் அடுத்த வாரம் பாரிஸ் வந்தான். வேலை போச்சு என்ற நினைப்போடு லெகாமின் அறைக்குள் போனான். நானும் அங்கே இருந்தேன். லெகாம் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

“பிரமாதம்யா! எட்டு வருஷமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?”

“எதை?”

“முடிவை! மூணாவது தட்டோட நிறுத்திட்டே. கனவு இல்லை, காய்ச்சல் இல்லை. எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. ஆனா ஒண்ணு. காகிதத்தை எதுலய்யா போட்டு நனைச்சே? உறை மேல காய்ஞ்சுதான் இருந்தது. உள்ளே தொப்பல். மீன் கூடை மாதிரி நாத்தம்.”

காகிதத்தை நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லா வரியும் கறுப்பாக, தெளிவாக இருந்தது. கடைசிப் பத்தி மட்டும் இல்லை. அடித்துத் திருத்தவில்லை. கிழிக்கவில்லை. அலை வந்து மணலைத் தடவிப் போன மாதிரி... சுத்தமான வெள்ளை. ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

வேறொருவனாக இருந்தால் பயந்திருப்பான். ஆர்மோன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “ரொம்ப நாளாவே அப்படி முடிக்கணும்னு எண்ணம்” என்றான்.

கதை வெளிவந்தது. நகரமே பேசியது. சீமாட்டிகள் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஓர் இரவு, இதே அறையில், நான்காவது கோப்பை உள்ளே போன பிறகு ஆர்மோன் எங்களுக்கு முழு ரகசியத்தையும் சொன்னான். அரக்கு தீர்ந்தது, பெண்களைக் காபிக்கு அனுப்பியது, உருக்கியது, எல்லாம்.

“மூழ்கிப்போன ஒரு ஆளைத் தபால்தலை ஒட்டி அனுப்பி வெச்ச ஒரே எழுத்தாளன் நான்தான்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வயிறு வலிக்கச் சிரித்தேன், மறைக்கவில்லை.

சிரிக்காத ஒருவன் இருந்தான். பக்கத்து மேசையில் மை படிந்த கையோடு உட்கார்ந்திருந்த எர்வே. அவன்தான் அந்தக் கதைக்கு எழுத்துக் கோர்த்தவன். தன் அத்தை பெயரையும் மாமன் பெயரையும் ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி வைத்தவன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

“முசியே, அந்த முத்திரையைக் குடுத்துடுங்க.”

“எதுக்குப்பா?”

“அது எங்க மாமா.”

மறுபடியும் சிரிப்பு. “உன் மாமா எனக்கு ராசியா இருக்கார்ப்பா. கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்றான் ஆர்மோன்.

உண்மையிலேயே ராசிதான். லெகாமின் குப்பைக் கூடையிலிருந்து அந்த உறையைப் பொறுக்கி, மெழுகைச் சுரண்டித் தகர டப்பாவில் வைத்திருந்தான். அடுத்த கதைக்கு வெறும் அரக்கு வைத்துப் பார்த்தான். கடைசிப் பத்தி அப்படியே வந்து சேர்ந்தது. லெகாம் முகம் சுளித்தார். அதற்கடுத்த கதைக்கு அரக்கோடு அந்த மெழுகில் ஒரு சொட்டு. உறை பிரித்ததும் உள்ளே ஈரம், உப்பு, கடைசிப் பத்தி காணோம்.

புரிகிறதா? அவனுக்குத் தைரியம் வரவில்லை. கண் விழிப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கதையிலும் இரண்டாவது கதவை ஒழுங்காக வைத்துவிட்டு, அதை அடைக்கிற வேலையை ஒரு பிணத்திடம் கொடுத்துவிட்டான். கூலியில்லா ஆள். சொட்டுச் சொட்டாகக் கூல்வென் செலவானான். டிசம்பரில் மூன்று கதை, ஜனவரியில் நான்கு.

எர்வேக்கு அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. ஈரத் தடம் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறதாம். கூடவே ஒன்று. முன்பெல்லாம் இரண்டு கால் தடம். இப்போது சில நாள் ஒற்றைக் காலாம். ஒருநாள் வெறும் விரல்களாம். ‘அவருக்குக் கல்லறையில ஒரு இடம் வேணும், எர்வே. வேற எதுவும் நான் கேக்கலை. எங்க இருந்தாலும் தேடி முழுசா அனுப்பி வை.’

எர்வே புலம்பவில்லை. அந்த முதல் உறை போக, பிரித்த உறைகள் எல்லாம் அச்சகத்துக்குத்தான் வரும். ஒவ்வொன்றிலும் முத்திரையைச் சுரண்டி, சிவப்பு அரக்கைப் பிரித்து, மஞ்சள் மெழுகை மட்டும் ஒரு புகையிலை டப்பாவில் சேர்த்தான். மீதி ஆர்மோனிடம் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு எர்வே என்னையும் கூட்டிக்கொண்டு ஆர்மோன் வீட்டுக்குப் போனான். ஆறாவது மாடி. படி ஏற ஏற ஒரு வாடை. பாசி, தார், அழுகின கயிறு. கடல் அங்கிருந்து நூறு மைல்.

ஆர்மோன் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். காலுறை ஈரமாக இருந்தது. தரையில் தண்ணீர்.

“கூரை ஒழுகுது” என்றான், நாங்கள் கேட்பதற்கு முன்பே.

“மழை பெய்யலையே” என்றேன்.

“அப்ப குழாய். என்ன வேணும்?”

“மாமாவை” என்றான் எர்வே.

“உன்னோட பெரிய தொல்லைப்பா! இன்னும் பாதிக்கு மேல மீதி இருக்கு. பத்து கதை வரும். கோடையில புத்தகமா வந்துடட்டும், அப்புறம் டப்பாவோட எடுத்துட்டுப் போ.”

அப்போதுதான் கேட்டது.

சன்னலில். ஒன்று. இரண்டு. மூன்று.

ஆறாவது மாடி. வெளியே நிற்கப் பலகை கிடையாது, விளிம்பு கிடையாது.

“புறா” என்றான் ஆர்மோன். எழுதியதைப் படிக்கிற குரலில் சொன்னான். முகத்தில் வேர்வை. “தினம் வருது. புறா.”

எர்வே சன்னலைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றினான். துக்க வீட்டில் கழற்றுவது போல மெதுவாகக் கழற்றினான்.

“இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல புரொயெல்லா, முசியே.”

சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டான். நானும்தான். எவ்வளவு வேகமாக இறங்கினேன் என்று கேட்காதீர்கள்.

*

மறுநாள் வெள்ளி. ஆர்மோனின் உறை வழக்கம் போல் வந்தது. முத்திரை சொட்டு அல்ல, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கட்டி. அரக்கே இல்லாமல் முழுக்க மஞ்சள் மெழுகு. குலச் சின்னம் பதிந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் முட்டியின் பள்ளம்.

லெகாம் பிரித்தார். இருபத்திரண்டு பக்கம். ஒரு வரி இல்லை, ஒரு புள்ளி இல்லை. எல்லாமே வெள்ளை. பிழிந்தால் தண்ணீர் வரும்.

“குடிச்சுட்டு எழுதினானா?” என்றார். ஆளை அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

அறை உள்ளிருந்து பூட்டியிருந்தது. பூட்டை உடைத்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படுக்கை காய்ந்திருந்தது, தரை காய்ந்திருந்தது. பேனா மைக்கூட்டில் நின்றது. மோதிரம் மேசைமேல் கிடந்தது. சன்னல் சாத்தியிருந்தது, கொக்கி மாட்டியிருந்தது. ஆள் இல்லை.

யாரோ ஒரு பாடகியோடு ஓடிவிட்டான் என்று எழுதிப் போலீஸ் வழக்கை மூடியது. போலீஸும் இரண்டாவது கதவு வைத்துத்தான் எழுதும். சன்னல் கண்ணாடியில் மூன்று ஈர அடையாளம் இருந்ததை அவர்கள் எழுதவில்லை. விரல் முட்டி அடையாளம். நான் என் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன்.

வெளிப்பக்கம் இல்லை. உள்பக்கம்.

எர்வே அந்தக் கட்டியைச் சுரண்டி டப்பாவில் சேர்த்தான். ஈஸ்டருக்குத் தீவுக்குப் போனான். திரும்பி வரவில்லை. அங்கேயே படகில் சேர்ந்துவிட்டான். நடந்ததை எழுதி அனுப்பினான்.

தூசேன் கிழவர் மெழுகை வெந்நீரில் இளக்கி, கூல்வென் பெயரைச் சொல்லிச் சொல்லி உருட்டினாராம். விரல் நீளச் சிலுவை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கை தாழ்ந்தது.

“இப்ப இருக்குது கனம். இவன்தான்.”

விடிய விடிய செபம். இந்தத் தடவை ஒருத்தியும் காபிக்கு எழுந்திருக்கவில்லை. பெட்டியில் வைத்தார்கள். அன்றோடு ஈரத் தடம் நின்றது. சோவாஸ் அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

ஆனால் மெழுகு மீந்துவிட்டது.

மீந்திருக்கவே கூடாது. சொட்டுச் சொட்டாகச் சிந்தியது போக, குறையத்தான் வேண்டும். மீந்ததும் சரியாக விரல் நீளத்துக்கு இருந்தது. தூசேன் அதைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாராம்.

“எர்வே, நீ ரெண்டு பேரைக் கொண்டு வந்திருக்கே.”

“என்ன செய்யறது? கடல்ல போட்டுடலாமா?”

“வேணாம்” என்றாள் சோவாஸ். “கடல்ல போட்டா இவனும் நம்ம ஆளாயிடுவான். ஒரு உறை எடுத்துட்டு வா. அவன் பக்கத்துல இப்ப யார் எழுதறாங்க?”

யார் எழுதுவது? நான்தான். ஆர்மோனின் மூன்றாம் பக்கம் பிப்ரவரியிலிருந்து என் பக்கம். எனக்கும் அது தேவைப்பட்டது, கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் எனக்கு உறை வந்தது. மஞ்சள் மெழுகு முத்திரை. மேலே என் பெயர், அதன் கீழே ஒரு வரி: ‘உங்க ஆளை நீங்களே வெச்சுக்குங்க.’

உடைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே காகிதமே கிடையாது. என் வீட்டு மேசை இழுப்பறையில் போட்டேன். ஆறு மாதத்தில் இழுப்பறை அழுகிவிட்டது. பலகையில் பாசி பூத்துவிட்டது. உறை மட்டும் மேலே காய்ந்தே இருக்கிறது. என் மனைவி ஒரு வாரமாகப் பக்கத்து அறையில் படுக்கிறாள். தூங்கவிடாமல் ஏதோ சத்தமாம். அதனால் இன்று காலை உறையை வேறொரு இழுப்பறைக்கு மாற்றினேன்.

இந்த மேசையின் இழுப்பறைக்கு.

உட்கார், காஸ்தோன். உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, உனக்கும் இரண்டாவது கதவு வேண்டும். தருகிறேன். மேசை ஈரமா? யாரோ ஒயினைக் கொட்டியிருக்கிறார்கள். இந்த நாற்றமா? சாக்கடை. வைத்துக்கொள். ஆர்மோனும் அந்த உறைக்குள்ளே இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான்... காய்ச்சல், கனவு, இதோ விழித்துவிடுவேன் என்று. எட்டு வருஷம் நானூறு பேருக்குக் கதவு வைத்துக் கொடுத்தவனுக்குத் தனக்கென்று ஒன்று அகப்படவில்லை.

அந்தத் தட்டல் ஒன்றுதான் பாக்கி. கதை தொடங்கியதிலிருந்து உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். உன் மேல் தப்பில்லாமலும் இருக்கலாம். பார்த்துவிடுவோம்.

எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வையுங்கள். கையை மேசையிலிருந்து எடுங்கள். நீயும்தான்.

எடுத்தாயிற்றா?

...

இப்போது கேளுங்கள்.